அத்தானுக்குச் சொல்லாத செய்தி

வீடு விற்பவன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பான். மழைத்தண்ணீர் எங்கே இறங்கும், சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது, அத்திவாரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று கண் தானாகவே போய்விடும். ரொறன்ரோவில் நெடுங்காலமாக இதுதான் என் பிழைப்பு. ஸ்காபரோவில் தொடங்கி, மார்க்கம், யூனியன்வில் என்று மேலே போய், இப்போது அங்கே விலை தாங்காத சனத்தை ஒஷாவாவுக்குக் கூட்டிப்போய் வீடு காட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பிரான்சில், ட்ருவா என்ற பழைய பட்டணத்துக்குள் அத்தானோடு நடந்த அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது கோணல் சுவர்கள்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

அத்தான் என் அக்காவின் கணவர். அகதியாகப் பாரிசுக்கு வந்து, சமையல் வேலை கிடைத்த இடம் ட்ருவா என்பதால் அங்கேயே தங்கிவிட்டவர். அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எங்கள் கல்யாணத்தில் பாதி வேலை நடக்காது என்பதால் நான் ரொறன்ரோவிலிருந்து புதன்கிழமையே போய் இறங்கியிருந்தேன். மாமன் வந்தால் மரியாதை என்று பெயர். உண்மையில் கதிரை தூக்கவும் விமான நிலையத்துக்கு ஓடவும் ஒரு ஆள் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

வெள்ளி காலை குசினிக்குள் போனேன். அக்கா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“ரீச்சர் போயிட்டா,” என்றார்.

ரீச்சர் என்பது அத்தானின் அக்கா. ஊரில் படிப்பித்தவர் என்பதால் சொந்தக்காரருக்கும் அவர் ரீச்சர்தான். கல்யாணம் செய்யவில்லை. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்ததிலேயே அந்த வயது போய்விட்டது என்று சொல்வார்கள். கடைசிக் காலத்தில் ஸ்காபரோவில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். இதயம் பலவீனம், விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டதால் தம்பி மகளின் கல்யாணத்துக்கு வரவில்லை. வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமைகளில் நான்தான் அவரைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போவேன். நான் காரை நிறுத்துகிற விதம் அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். செய்தியைக் கேட்டதும் அங்கிருந்த அரிசி மூட்டையின் மேலே உட்கார்ந்துவிட்டேன்.

“அங்கத்தைய நேரம் நேற்றுப் பின்னேரம். கதிரையிலை இருந்தபடியே. பக்கத்து அப்பார்ட்மென்ட் பிள்ளைதான் எடுத்துச் சொன்னது,” என்றார் அக்கா. “அத்தானுக்குத் தெரியக் கூடாது.”

இதற்கு விளக்கம் தேவைப்படாத வீட்டில் நான் பிறந்தவன். கூடப்பிறந்தவர் செத்தால் துடக்கு. துடக்கு வந்தவர் கோயிலுக்குள் போகக்கூடாது, நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது. மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அத்தான். அவருக்குத் துடக்கு என்றால் கல்யாணம் நின்றது மாதிரித்தான். ஆனால் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள், இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செய்தி காதில் விழும்வரை துடக்கு தொடங்காது. ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் அது வந்து பிடிக்கும். அக்கா கேட்டதில் குற்றம் இல்லை, அவருக்கு அது புருசன் வழியாகத்தான் வரும். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஐயர் வேறு எதையாவது சொல்லிவிடுவார் என்ற பயம்.

“எப்ப சொல்லுறது?” என்று கேட்டேன்.

“கலியாணம் முடியட்டும். ரீச்சருக்குக் கொள்ளி வைக்க அவரை விட்டால் ஆரும் இல்லை. மலர்ச்சாலையிலை கதைக்கச் சொல்லியிருக்கிறன். வைச்சிருப்பினம்.”

கனடாவில் பிணத்துக்கு அவசரம் இல்லை. விடுமுறை, விசா, சனிக்கிழமை எல்லாம் பார்த்து ஒரு கிழமை, பத்து நாள் மலர்ச்சாலைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். அது பிரச்சினையில்லை. பிரச்சினை வீடு. வீடு முழுக்க விருந்தாளிகள், ஆளுக்கு ஒரு ஃபோன், ஒவ்வொரு ஃபோனிலும் மரண அறிவித்தல்கள். எங்கள் சனம் காலைத் தேநீரோடு பார்ப்பது அதைத்தான். அத்தானின் ஃபோனை, மண்டபக்காரருக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று சொல்லி அக்கா வாங்கி ஒளித்துவிட்டார். மனிதரை ஒளிக்க முடியாதே.

“நீ அவரை வெளியாலை கூட்டிக்கொண்டு போ. பழைய ரவுணைக் காட்டச் சொல்லிக் கேள். பின்னேரம் வரைக்கும் வரவேண்டாம்.”

“ஏன் நான்?”

“நீ வீடு விக்கிறனி. உன்ரை முகத்திலை ஒண்டும் தெரியாது.”

அது பாராட்டா ஏச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தானிடம் கேட்டேன். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது, இவர் எங்கே வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் உடனே எழும்பிக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டார். “வா, நடப்பம்,” என்றார். வேலை சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்.

ட்ருவாவின் பழைய பகுதி ஒரு கையளவு இடம்தான். அதற்குள் முழுக்க மரச்சட்ட வீடுகள். தடித்த மரங்களை நெடுக்கிலும் குறுக்கிலும் சாய்வாகவும் கோத்து, இடைவெளியைக் களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்து, மேலே சாந்து பூசியிருக்கிறார்கள். சாந்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நிறம். ஒன்று கடுகு மஞ்சள், அடுத்தது ரோசா, அதற்கடுத்தது வெளிறிய பச்சை. கீழ்த்தளத்தைவிட மேல்தளம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்கும் மேல் இன்னும் நீட்டல். நேராக நிற்கும் வீடு ஒன்றும் இல்லை. ஒன்று பக்கத்து வீட்டில் சாய்ந்திருக்கும், அது அடுத்ததில் சாய்ந்திருக்கும், மூலை வீடு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இந்தச் சுவர்களை ரொறன்ரோ வீட்டுப் பரிசோதகர் ஒருவர் பார்த்தால் அறிக்கை எழுதாமல் ஓடிப்போய்விடுவார்.

“உது விழாதோ, அத்தான்?”

“நான் வந்த காலத்திலயும் உப்பிடித்தான் நிண்டது.”

நாங்களும் மரச்சட்டத்தில்தான் வீடு கட்டுகிறோம். மார்க்கத்தில் நான் விற்ற மாளிகை எல்லாம் உள்ளே மெல்லிய மரம்தான். முன்னால் ஒரு வரிசைச் செங்கல் ஒட்டிவிட்டால் கல் வீடு ஆகிவிடும். வாங்குகிறவர் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். இங்கே எலும்பை வெளியே வைத்துவிட்டு அதற்கு நிறமும் பூசியிருக்கிறார்கள். இதை நான் அத்தானுக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். நிறையச் சிரித்தார் என்று சொல்ல வேண்டும். நான் ஒன்றும் அவ்வளவு பெரிய பகிடி விடவில்லை.

அத்தானுக்கு இந்தத் தெருக்கள் பின்பக்கமாகத்தான் பழக்கம். எந்த உணவகத்தின் பின்கதவு எந்தச் சந்தில் திறக்கும், எந்த முற்றத்தில் குப்பைத்தொட்டி இருக்கும், எந்த நிலவறையில் வெங்காயம் வைப்பார்கள் என்று காட்டிக்கொண்டே வந்தார். பன்றிக் குடலில் செய்கிற ஒரு சொசேஜ் அந்த ஊரில் பேர்போனது. வெள்ளிக்கிழமை மச்ச மாமிசமும் மற்ற நாளில் பன்றியும் தொடாத அத்தான் அதை வருடக்கணக்காக அவித்துப் பொரித்துக் கொடுத்தவர். ஒருநாளும் ருசி பார்க்காமல் உப்புச் சரியாகப் போடுவார் என்று முதலாளி அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாராம். முன்கதவுப் பக்கம் நின்று அந்த வீடுகளைப் பார்ப்பது தனக்கும் புதிது என்றார். உல்லாசப் பயணிகளோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தபோது அவர் ஒரு உல்லாசப் பயணி மாதிரியே இருந்தார்.

ட்ருவா பின்னல் துணிக்கும் பேர்போன ஊர். ஒரு கடைக் கண்ணாடிக்குள் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று தொங்கியது. நான் பிரான்ஸ் வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் ரீச்சருக்கென்று அப்படி ஒன்றை வாங்கி அத்தான் என் பெட்டிக்குள் திணிப்பார். இப்போதும் வாங்கத்தான் போகிறார். செத்துப்போனவருக்கு அளவு பார்த்துச் சட்டை வாங்குவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? அத்தான் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

“நிறம் வடிவில்லை,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அந்த நேரத்தில் என் புத்தி அவ்வளவுதான்.

பிறகு பூனைச் சந்து என்ற இடத்துக்கு வந்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. மேலே இரண்டு பக்க வீடுகளும் தலையோடு தலை முட்டுவது போல் நெருங்கியிருக்கும். பூனை ஒரு கூரையிலிருந்து மற்றக் கூரைக்குத் தாவுமாம், அதுதான் பெயர். அத்தான் முன்னால் போனார், நான் பின்னால். அவருடைய முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது, கொஞ்சம் கூன் விழுந்த முதுகு. எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. அக்கா மேல், ஐயர் மேல், இந்தத் துடக்கு மேல். தூக்கி வளர்த்தவர் அங்கே குளிர்பெட்டிக்குள் கிடக்க இந்த மனிதரைக் கோணல் வீடு காட்டச் சொல்லிக் கூட்டித் திரிகிறேனே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. முதுகைப் பார்த்துச் சொல்வது முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சுலபம். சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

“அத்தான், ஒரு விசயம்—”

“தலையைப் பார்,” என்றார் அவர், திரும்பாமல். “மரம் இடிக்கும்.”

நான் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மரம் என் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. அதற்குள் அவர் சந்தின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார்.

சந்து முடிந்து கொஞ்சம் நடந்தால் ஒரு பழைய தேவாலயம். அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சைவக்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். ஆனால் வழியில் மாதா கோயில் கண்டால் விடமாட்டார். உள்ளே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் வருவார். எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இப்படித்தான். சாமி எந்தப் பாஷை பேசினாலும் கும்பிட்டு வைப்பதில் நட்டம் இல்லை என்பது கொள்கை. முன்பு நான் வந்தபோதெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போய் மெழுகுதிரி கொளுத்த வைத்தவர். இப்போதோ மகளின் கல்யாணம் வேறு. நான் படியேறிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் கீழ்ப்படியில் நின்றுவிட்டார்.

“நீ போய்ப் பார்,” என்றார். “உள்ளுக்கு வடிவான கண்ணாடி இருக்கு.”

“நீங்கள்?”

“நான் இதிலை நிக்கிறன்.”

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கால் நோகிறதோ என்று கேட்கப் போனேன். அவர் செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். படியைத் தொடவில்லை. ஊரில் செத்தவீட்டுக்காரர் கோயில் வீதியால் போக நேர்ந்தால் இப்படித்தான் ஒதுங்கி நிற்பார்கள்.

அவருக்குத் தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்று நான் அவரை ஒருநாளும் கேட்கவில்லை. யாரும் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாண வீட்டில் தகப்பன் உள்ளே வரும்போது குசினியில் கதை சட்டென்று நின்றால், ஃபோனை வாங்கிக்கொண்டு திருப்பித் தராவிட்டால், அவ்வளவு வேலைக்கு நடுவில் ஊர் சுற்றிவிட்டு வாங்கோ என்று பெண்சாதி அனுப்பினால் வேறென்ன இருக்க முடியும்? அவருக்கு ரொறன்ரோவில் இருந்தது ஒரே ஒரு இரத்த உறவு. புதன்கிழமை நான் வந்து இறங்கியபோது செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே “அக்கா எப்பிடி இருக்கிறா?” என்று கேட்டவர், வெள்ளிக்கிழமை முழுக்க அவருடைய பெயரையே எடுக்கவில்லை. அதை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாத்திரப்படி, யாரும் சொல்லாதவரை அவருக்குத் துடக்கு இல்லை. தாரை வார்க்கலாம், மாலை எடுத்துக் கொடுக்கலாம். மகளுக்காக அந்தச் சாத்திரத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மெழுகுதிரிக்கு மட்டும் அது செல்லுபடியாகவில்லை. அந்நிய நாட்டு மாதாவிடம் போய், தெரியாது என்று நடிக்க அவரால் முடியவில்லை. தேவாலயத்துக்கும் எங்கள் துடக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ஊர்ப் பாதிரியாரைக் கேட்டால் திகைத்திருப்பார். உள்ளே போகாமல் கதவை மெல்ல விட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒரு கஃபேயில் வெளி மேசையில் உட்கார்ந்தோம். அத்தான் இரண்டு கோப்பிக்குச் சொன்னார். எதிரே ஒரு மஞ்சள் வீடு. அதன் யன்னல் ஒன்று மற்ற யன்னலைவிட ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்கடை ஊரிலை, ஒரு வீட்டுக்குள்ளை ஆரும் செத்திருந்தால், வாங்கிற ஆளுக்கு நீங்கள் அதைச் சொல்லவேணுமோ?”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நாங்களாச் சொல்லத் தேவையில்லை, அத்தான். ஆனால் வாங்கிறவர் கேட்டால் பொய் சொல்லக்கூடாது.”

“கேட்டால்தானே?”

“ஓம். கேட்டால்தான்.”

அவர் சீனியைப் போட்டு நெடுநேரம் கலக்கினார்.

“அப்ப நான் கேக்கேல்லை,” என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றி, பாரிசிலிருந்து வரும் மேளக்காரரைப் பற்றி, மாப்பிள்ளையின் உயரத்தைப் பற்றிக் கதைத்தோம். பின்னேரம் வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா கண்ணால் என்னைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அத்தான் பட்டு வேட்டி கட்டி, வந்தவர்களை வாசலில் நின்று கும்பிட்டு, ஒவ்வொருவரையும் சாப்பிட்டாச்சோ என்று கேட்டார். ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லித் தாரை வார்த்தார். ஒரு சொல்லும் பிசகவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மணவறைக்கு முன்னால், ரீச்சர் பார்ப்பதற்கென்று முதலே ஏற்பாடு செய்த ஃபோன் தண்டில் மாட்டியபடியே இருந்தது. அதை எடுத்தால் பிள்ளை ஏன் என்று கேட்பாள் என்று அக்கா விட்டுவைத்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் மருமகள் அந்த ஃபோனைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, மாமி பாக்கிறாவோ?”

“ஓம்,” என்றார் அத்தான். “பாக்கிறா.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மகளைக் கொடுக்கிற தாய் அழுகிறா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல் பக்கம் போய்விட்டேன். வீடு விற்கிறவன் முகத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது.

அன்றைக்கே, மண்டபத்தில் கதிரை அடுக்கும் நேரத்தில், அத்தான் என்னிடம் வந்தார். “நாளைக்கு உன்னோடை நானும் வாறன். ரிக்கெற் ஒண்டு பார்,” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை, பெட்டியில் வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து அடியில் வைத்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, “இஞ்சை வேண்டாம். பிளேனுக்குள்ளையும் வேண்டாம், சனத்துக்கு முன்னாலை மனுசன் உடைஞ்சு போயிடும். ரொறன்ரோவிலை காருக்குள்ளை ஏத்திப்போட்டுச் சொல்லு,” என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அக்காவும் விளங்கிக்கொண்டு விளங்காத மாதிரி இருந்திருக்கிறார். அந்த வீட்டில் கல்யாணப் பெண்ணைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை அத்தான் முழுக்கச் சாப்பிட்டார். முன்னாலிருந்த திரையில் விமானம் கடலைக் கடக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னோடு இரண்டொரு கதை கதைத்தார். குடிவரவு அதிகாரி பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டதற்கு, சகோதரியைப் பார்க்க என்றார்.

என் கார் விமான நிலையத்தின் பல மாடித் தரிப்பிடத்தில் நின்றது. பெட்டியை ஏற்றினேன். அத்தான் முன் இருக்கையில் ஏறி இருந்து, பெல்ட்டைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். எதிரே வெறும் கொங்கிறீற்றுச் சுவர். நான் காரை இயக்கவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயம், ஒரு வசனம்தான். அவர் அவசரப்படுத்தாமல் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். இந்த முறை தலையைப் பார் என்று மறிக்கவில்லை.

“அத்தான்,” என்றேன். “ரீச்சர் செத்துப்போனா. வியாழக்கிழமை. கதிரையிலை இருந்தபடியே.”

அவர் தலையை ஆட்டினார். பெல்ட்டைக் கழற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இனி அழலாம்தானே?” என்று கேட்டார்.

“ஓம், அத்தான்,” என்றேன்.